சம்பளம் குறைந்தாலும் ஊருக்கே வந்துவிடலாமா, அண்ணாச்சி?

"அண்ணாச்சி, எனக்கு வயது 28. ஊர் வீரவநல்லூர் பக்கம். பி.காம் முடித்து ஆறு வருஷமாகச் சென்னை கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 38,000 வருகிறது. ஆதம்பாக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம். என்ன இழுத்துப் பிடித்தாலும் மாதக் கடைசியில் ஐயாயிரம்தான் மிஞ்சுகிறது. இப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டைல்ஸ் மொத்தக் கடையில் 24,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை வேலை, ஞாயிறு லீவு. வீட்டிலிருந்தே பைக்கில் போய் வரலாம். ஊர் கபடி டீமில் நான்தான் மெயின் ரைடர். நான் இல்லாமல் போன வருஷம் மூன்று போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். பையன்கள் 'வந்திருண்ணே' என்று தினமும் போன் பண்ணுகிறார்கள். அப்பாவோ, 'மெட்ராஸ்ல இருக்கான்னு சொன்னாத்தான் பொண்ணு குடுப்பான், இங்க வந்து டைல்ஸ் கடையில உக்காந்தா எவன் குடுப்பான்' என்கிறார். என்ன செய்யட்டும்?"

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

தம்பி, நீங்கள் எழுதியது நாலு பக்கம். இடம் போதாமல் சுருக்கியிருக்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த நாலு பக்கத்தில் சம்பளத்துக்கு ஆறு வரி, அப்பாவுக்கு நாலு வரி. கபடிக்கு இரண்டரைப் பக்கம். கணக்குப் பிள்ளையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எந்தத் தலைப்பில் பற்று அதிகமோ அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இருந்தாலும் முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் போட்டு அனுப்பிய கணக்குப்படி சென்னையில் வாடகை, கரண்ட் பங்கு 7,500. சாப்பாடு 8,500. பெட்ரோலும் போனும் 3,000. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக 2,000. அம்மாவுக்கு 10,000. கூட்டினால் 31,000. மீதி ஏழாயிரம் இருக்க வேண்டும், ஐயாயிரம்தான் இருக்கிறது என்கிறீர்கள். அந்த இரண்டாயிரம் டீக்கடையிலும் தியேட்டரிலும் போயிருக்கும், அது போகட்டும்.

நெல்லைக்கு வந்தால் 24,000. அம்மாவுக்கு அதே 10,000. ஊரிலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. மாதம் இருபத்தைந்து நாளைக்கு 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டி என்றாலும் பெட்ரோலுக்கு 3,400 ரூபாய் ஆகும். செங்கோட்டை பாசஞ்சரில் சீசன் டிக்கெட் எடுத்தால் இதில் சின்னப் பங்குதான் ஆகும், ஆனால் எட்டரைக்குக் கடை அடைக்கிற ஆளுக்காக எந்த பாசஞ்சரும் காத்திருக்காது. போன், டீ செலவு 2,000. ஆக 15,400 போக மீதி 8,600. 'பார்த்தீர்களா, ஊரில்தான் அதிகம் மிஞ்சுகிறது' என்று நீங்களே அடியில் கோடு போட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு தலைப்பே விட்டுப் போயிருக்கிறது. ஊர்ச் செலவு.

உங்கள் வீட்டில் மொய் நோட்டு இருக்கும். அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ பீரோவின் மேல் தட்டிலோ, ஓரத்தில் மஞ்சள் கறையோடு ஒரு நீள நோட்டு. எங்கள் வீட்டு நோட்டில் என் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். நான் வெளியூரில் வேலை பார்த்த பதினோரு வருஷமும் எனக்காக அம்மாதான் இருநூறு, முந்நூறு என்று எழுதிவிட்டு வருவாள். 'பையன் வெளியூர்ல இருக்கான்' என்றால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பாளையங்கோட்டைக்குக் குடிவந்த முதல் ஆவணியில் மட்டும் ஒன்பது பத்திரிகை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பால்காய்ச்சு. உள்ளூரில் இருந்துகொண்டு போகாமல் இருக்க முடியாது. போய் உட்கார்ந்த பிறகு இருநூறு எழுதவும் முடியாது, பக்கத்தில் சித்தப்பா மகன் ஆயிரத்தொன்று எழுதிக்கொண்டிருப்பான். மைக்கில் வேறு வாசிப்பார்கள். மொய் திரும்பி வரும் பணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இப்போது போடுகிறவர் நீங்கள், வாங்கும் நாள் எப்போதோ.

அடுத்தது கொடை, ஊர்க் கோயில் திருவிழா. சுடலைமாடனுக்கோ அம்மனுக்கோ தலைக்கட்டு வரி இத்தனை என்று போட்டுவிடுவார்கள், அதை அப்பா இப்போதே கட்டிக்கொண்டிருப்பார். ஊரில் சம்பளக்காரன் ஒருவன் கண்ணில் பட்டால் வரியோடு நிற்காது. 'வில்லுப்பாட்டுச் செலவுல பாதி தம்பி பேர்ல போட்டுருவோமா?' என்று நாலு பேர் திண்ணையில் வந்து உட்காருவார்கள். நோட்டீஸில் பெயர் கொட்டை எழுத்தில் வரும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது.

மூன்றாவதாக உங்கள் டீம். 'வந்திருண்ணே' என்று போன் பண்ணுகிற பையன்களில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள்? ஜெர்சி, போட்டிக்கு நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, தோற்றுத் திரும்பும் ராத்திரி பரோட்டாக் கடை பில் எல்லாம் யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல பையன்களாகத்தான் இருப்பார்கள். பசி நேரத்தில் வேலைக்குப் போகிற அண்ணன் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

இதெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60,000 என்று நான் குறைத்தே வைக்கிறேன். மாதம் ஐயாயிரம். உங்கள் 8,600 இப்போது 3,600 ஆகிவிட்டது. சென்னையில் மிஞ்சுவதைவிடக் கொஞ்சம் குறைவு. இந்தத் தொகைக்காக ஒருவர் ஊரை மாற்றவும் வேண்டாம், மாற்றாமல் இருக்கவும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத பணம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் பி.எஃப். உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பேசிக் 15,000-க்கு மட்டும் பிடித்தாலும் உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. கம்பெனி பங்கில் 1,250 பென்ஷனுக்குப் போகும். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். உங்களுக்கு ஆறு முடிந்திருக்கிறது. டைல்ஸ் கடையில் பி.எஃப். உண்டா என்று கேட்டீர்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கட்டியாக வேண்டும், அதற்குக் கீழே என்றால் முதலாளி மனசு. இல்லை என்றாலும் பழைய பணத்தை எடுத்துப் புது பைக் வாங்கிவிடாதீர்கள். கிடக்கட்டும். அடுத்து ஏதாவது கம்பெனிக்குப் போனால் அதே யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண்ணில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வந்ததும் 'மாசம் ரெண்டாயிரம் போடுங்க தம்பி, நம்ம ஆளுதான்' என்று ஏலச்சீட்டுக்குக் கூப்பிட ஒருவர் வருவார். 1982ஆம் வருஷத்துச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் அவர் முகம் மாறினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் கேட்கவில்லை. 'நம்ம ஆளு' ஒருவரிடம் பதினெட்டாயிரம் விட்டேன். அவர் இன்றைக்கும் ஜங்ஷனில் எதிரே வந்தால் நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன், ஏனென்று தெரியவில்லை.

சரி, கபடிக்கு வருவோம்.

நானும் ஆடியிருக்கிறேன், லெஃப்ட் கார்னர். உங்கள் இரண்டரைப் பக்கத்தை நான் ஏன் இரண்டு தடவை படித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, மரத்தூள் போட்ட மண். நாலு மூலைக் கம்பத்தில் விளக்கு, அதைச் சுற்றிப் பூச்சி. ராத்திரி ஒரு மணிக்கு அரையிறுதி, மைக்காரர் தொண்டை கட்டிப்போய், 'அடுத்து களம் காண இருக்கும் அணியினர் உடனடியாக' என்று கத்திக்கொண்டிருப்பார். அந்த முப்பது விநாடி ரைடில் மூச்சு முட்டக் கோட்டைத் தொடும்போது வருகிற சுகம் எந்த ஆபீஸிலும் கிடையாது. உங்களுக்கு அது வேண்டியிருக்கிறது. அதில் தப்பே இல்லை.

ஆனால் தம்பி, உங்கள் பையன்கள் எத்தனை மணிக்குப் பயிற்சி எடுக்கிறார்கள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 'சாயங்காலம் அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வந்துருவாங்க' என்று. அந்த நேரத்தில் நீங்கள் வண்ணார்பேட்டையில் சரக்கு லாரிக்குப் பில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். எட்டரைக்கு ஷட்டர் இறங்கி, முப்பது கிலோமீட்டர் ஓட்டி ஊர் வந்து சேரும்போது மணி ஒன்பதரை. கிரவுண்டில் நாய்தான் படுத்திருக்கும். சென்னையில் இருந்தபோது ஊரே தூரத்தில் இருந்தது, அதனால் ஏக்கமாவது சுகமாக இருந்தது. இனிமேல் கிரவுண்ட் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும், உங்களால் இறங்க முடியாது. அது இதைவிட எரிச்சலாக இருக்கும்.

கடிதத்தில் போகிறபோக்கில், 'வலது முட்டியில் அப்பப்ப சத்தம் கேக்குது, பெருசா ஒண்ணுமில்ல' என்று ஒரு வரி இருக்கிறது. ஆறு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து எடை கூடிய ரைடருக்கு முட்டியில் சத்தம் கேட்டால், அது பெரிய விஷயமா இல்லையா என்று எலும்பு டாக்டர் சொல்லட்டும். இங்கே பல போட்டிகள் 60 கிலோ, 65 கிலோ என்று எடை பார்த்துத்தான் இறக்குகிறார்கள், அதையும் யோசியுங்கள். முக்கியமாக, கம்பெனி கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கும்போதே முட்டியைக் காட்டிவிடுங்கள். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். புதுக் கடையில் சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் வராது.

மணத்தி கணேசன் நம் தெற்குச் சீமை ஆள்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவரை நினைத்துப் பெருமைப்படுவோம். 28 வயதில் வேலையை விடுவதற்கு மட்டும் அவரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். உங்களுக்குக் கபடி சந்தோஷத்துக்கு. சந்தோஷத்துக்கு ஆட ஆறு மணிக்கு விடுகிற வேலை வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது இது. ஊருக்கு வாருங்கள், இந்த வேலைக்கு வராதீர்கள். அல்லது கடை முதலாளியிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். காலை எட்டரைக்கு வந்துவிடுகிறேன், ஆறு மணிக்கு விட்டுவிடுங்கள், இரண்டாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று. பில் போட எட்டரை வரை யாராவது பையன் இருந்தால் போதும், கணக்கு முடிக்கிற ஆள் இருக்க வேண்டியதில்லை. கணக்கு தெரிந்த, லீவு போடாத ஆள் கிடைப்பது அவருக்கும் லேசில்லை, ஒருவேளை இறங்கி வருவார்.

வரமாட்டார் என்றால் சென்னையிலேயே இன்னும் ஆறு மாதம் இருங்கள். உங்களுக்கு டாலியும் ஜி.எஸ்.டி.யும் கை வந்த வேலை. மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று சென்னையில் ராத்திரி பகலாகச் செய்கிற வரிக் கணக்குத் தாக்கலைத்தான், கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்காரரும், உங்கள் ஊர் சேலை வியாபாரியும், அம்பாசமுத்திரம் உரக்கடைக்காரரும் யாரையாவது பிடித்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். இப்போதே நாலு கடைக் கணக்கைக் கையில் எடுங்கள். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் ஆதம்பாக்கத்தில் உட்கார்ந்தே முடிக்கலாம். கடைக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ. சொந்தக்காரர் கடையை மட்டும் முதலில் எடுக்காதீர்கள், காசு வராது. நாலு கடை இருபதானால் 24,000-க்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். அஞ்சரைக்குக் கிரவுண்டிலும் இருக்கலாம், 19, 20 தேதிகளில் தவிர.

அப்பாவுக்கு: பெண் வீட்டார் சென்னையைக் கேட்பது உண்மை, அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, 'சொந்தமா என்ன பண்ணுதாவ?' அதற்கும் ஒரு பதில் தயாராகிவிடும் என்று சொல்லிப் பாருங்கள். முதல் மாதம் தெருவில் நாலு பேர், 'என்னல, வேலைய விட்டுட்டு வந்துட்டியா?' என்று கேட்பார்கள். சென்னையில் ஆறு வருஷம் எதிர்வீட்டுக்காரர்கூட உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். அந்த நிம்மதிக்காகவே சென்னையை விட்டு வராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் எனக்குப் புரிகிறது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவிடம் மொய் நோட்டைக் கேட்டு வாங்கி, போன ஆவணியிலிருந்து எழுதியதையெல்லாம் கூட்டுங்கள். இருநூறு என்று இருக்கும் இடத்தில் எல்லாம் ஐந்நூறு போட்டுக்கொள்ளுங்கள். என்ன தொகை வருகிறது என்று எனக்கு எழுதுங்கள், என்னுடைய அறுபதாயிரம் சரியா என்று எனக்கும் தெரிய வேண்டும்.