பொழுதுபோக்குப் பட்டறைக்கு எந்த மிக் வெல்டிங் மிஷின் வாங்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி மன்னார்குடிப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். கொல்லையில் கொட்டகை போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மிக் வெல்டிங் (உருளையிலிருந்து கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் முறை) பழக ஆசை, 200 ஆம்பியர் வாங்குவதா 250 வாங்குவதா என்று குழப்பம். நான் திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கடைமடையில் இருப்பவன். ஆம்பியரை அப்புறம் பார்ப்போம். சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் கொட்டகை பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது? அதை முதலில் பாருங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் மாட்டுக் கொட்டகைத் தகரம் முழுக்கப் போய்விட்டது. அதன்பின் பல மாதங்களுக்கு வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஊரே கொட்டகை போட்டுக்கொண்டிருந்தது, அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று அடுத்த வருடம் ஒரு மிக் மிஷின் வாங்கினேன். முகப்பில் 250 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பகல் முழுக்க வயல் வேலை. பொழுது சாய்ந்தபிறகுதான் டார்ச்சை, அதாவது வெல்டிங் கம்பி வெளியே வரும் கைப்பிடியை, கையில் எடுப்பேன். கம்பி போய் இரும்பில் முட்டும், டப் டப்பென்று கடுகு வெடிப்பது போலச் சத்தம், நெருப்புப் பொறி நாலாபக்கமும். கம்பி வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், வோல்ட் குமிழைத் திருகினேன். மூன்று வாரம் இப்படியே போனது. கை வரவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அந்த நிலையில் கன்றுக்குட்டிக்கு அடைப்புக் கேட் ஒன்று செய்து மாட்டினேன். பத்து நாளில் கீல் பெயர்ந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் பற்று, அதாவது நான் உருக்கி வைத்த வெல்டிங் வரி, அப்படியே முழுசாக, மேலே ஒட்டிய பொருக்கு மாதிரி வந்திருந்தது. அடியில் பைப் உருகவே இல்லை, ஆலையில் விழுந்த கோடுகூட அழியாமல் இருந்தது. கன்று பக்கத்து வயல்காரரின் சம்பா நாற்றங்காலில் இறங்கி மிதித்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

டவுனில் முப்பது வருடம் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் டார்ச்சைத் தொடவே இல்லை. மீட்டரை பிளக்கில் சொருகி, "இப்ப அடிங்க தம்பி" என்றார். சும்மா இருக்கும்போது 205 காட்டியது. ஆர்க் (கம்பி நுனியில் எரியும் மின்பொறி) பிடித்ததும் 172. "உங்க கையில குத்தமில்ல, கரண்டுல இருக்கு குத்தம். விடியக்காலம் அடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மறுநாள் ஐந்தரை மணிக்கு அதே செட்டிங், அதே கை. எண்ணெயில் பஜ்ஜி பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம். பற்று இரண்டு பக்கமும் இரும்போடு இழைந்து படுத்தது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மோட்டார் கொட்டகை லைனில் மாட்டினாயா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. விவசாய இணைப்பு பம்புக்கு மட்டும்தான். வீட்டு இணைப்பில்தான் ஓட்டினேன். ஸ்டெபிலைசர் போடலாமே என்பவர்களுக்கு: வீட்டு ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர் இந்த இழுப்பைத் தாங்காது. தாங்கும் அளவில் வாங்கினால் அந்தப் பணத்தில் இன்னொரு மிஷின் வரும்.

இன்வெர்ட்டர் மிஷின்களில் (உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த வெல்டிங் மிஷின்கள்) பெரும்பாலும் 230 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் என்று எழுதியிருக்கும். அதாவது 195க்குக் கீழே போனால் அது பொறுப்பில்லை. வோல்ட் குறையக் குறைய அதே சக்திக்கு மிஷின் கூடுதல் கரண்ட் இழுக்கும், உள்ளே போர்டு சூடாகும். என்னுடையது அடுத்த கோடையில் புகைந்தது. வாரண்டி இருந்தும் "லோ வோல்டேஜ், நாங்கள் பார்க்க மாட்டோம்" என்றார்கள் விற்ற கடையில். விற்கும்போது எந்த ஊர் என்று கேட்டு, பில்லில் எழுதியும் கொடுத்தவர்கள்தான்.

எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிக் கம்பம். மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் எங்களுக்கு வருவதற்குள் மேலே உள்ளவர்கள் நாற்றுக்குத் தயாராகிவிடுவார்கள். வாய்க்காலை ஒழுங்காகத் தூர்வாரினாலே பாதிக் கவலை தீரும். தண்ணீரிலும் கடைமடை, கரண்டிலும் கடைமடை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வருடாவருடம் மனசு எரிகிறது.

சரி, மிஷினுக்கு வருவோம். வீட்டு வேலைக்கு 2 மில்லி சதுரப் பைப், 3 மில்லி ஆங்கிள், அவ்வளவுதானே? மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 120 போதும். அந்த 120இல் எத்தனை நேரம் தொடர்ந்து ஓடும் என்று பாருங்கள். மிஷினில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை, நாலு நிமிடம் ஓய்வு. அந்தக் கணக்கை 40 டிகிரி வெப்பத்துக்குப் போடுவார்கள். நம்மூர் சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் அதற்கு மேலேயே இருக்கும். முகப்பில் போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, 160 வோல்ட் வரை குறைந்தாலும் தாங்கும் என்று பின்னால் அச்சடித்த மிஷினைத் தேடுங்கள். இரண்டாவதாக நான் வாங்கியது அப்படிப்பட்டதுதான். சாயங்காலமும் ஓடுகிறது.

மீட்டர் பெட்டியிலிருந்து கொட்டகைக்கு எனக்கு நாற்பது மீட்டர். ஒன்றரை சதுர மில்லி ஒயரை எடுத்துவிட்டு நாலு சதுர மில்லி தாமிரம் இழுத்தேன், தனி எம்சிபி, தனி எர்த். அதிலேயே பத்து வோல்ட் கிட்டத்தட்ட மிச்சமானது.

கேஸ் பற்றி ஒன்று. ஆடிக் காற்றில் திறந்த கொட்டகையில், உருகும் இரும்பைக் காற்று படாமல் மூடும் கரியமில வாயு நிற்காது, பற்று முழுக்க ஓட்டை விழும். நான் கேட், கிராதி எல்லாம் வெளியில் செய்யும்போது கேஸ் தேவைப்படாத ஃபிளக்ஸ் கம்பிதான் (உள்ளே மருந்து நிரப்பியது) போடுகிறேன். அதற்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும், சாதாரணக் கம்பிக்கு பிளஸில். மிஷின் கதவைத் திறந்து, அந்த இணைப்பை மாற்றிப் போட இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கம்பி உருளை ஐந்து கிலோ போதும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் துரு ஏறினால் டார்ச் குழாய்க்குள் சிக்கும், வேலை முடிந்ததும் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குறித்து வையுங்கள். சும்மா அல்ல, இஸ்திரிப் பெட்டியையும் வாட்டர் ஹீட்டரையும் ஓடவிட்டுக் குறியுங்கள். எண்களை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.