பதில்: அடிச்சிட்டு அழுத பையன், திமிரா நோயா?

அக்கா, அம்பாசமுத்திரத்துல இருந்து நீங்க எழுதுனத படிச்சேன். மூணாப்பு படிக்க பையன், ஏடிஹெச்டின்னு (கவனம் நிக்காம, துறுதுறுன்னு, யோசிக்க முன்னாலயே செஞ்சிருத மூளை வளர்ச்சிக் கோளாறு) டாக்டர் சொல்லியாச்சு, பக்கத்து பிள்ளைய அடிச்சிட்டு அவனே அழுதான், உங்க வீட்டுக்கார அண்ணன் திமிருன்னு பெல்ட்ட எடுக்காவன்னு போட்டிருந்திய. அது திமிரு இல்லவே இல்லக்கா. கை கிளம்பும்போதே நில்லுன்னு பிரேக் போடுதது நெத்திக்குப் பின்னால இருக்க மூளையோட முன்பகுதி, அதுக்கு டோபமைன், நார்எபிநெஃப்ரின்னு மூளைல சேதி கடத்துத ரெண்டு ரசாயனமும் சரியா வேலை செய்யணும். ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு அந்த பிரேக் பிந்திதான் பிடிக்கும், கை போயிரும், பொறவுதான் தப்புன்னு உறைக்கும், அதான் அழுதான். 2007ல அமெரிக்கால பிள்ளைகள ஸ்கேன் பண்ணிப் பாத்த ஆய்வுல, மூளையோட மேல்பட்டைல பாதி இடம் முழு தடிமனுக்கு வாரது மத்தவங்களுக்கு சுமார் 7.5 வயசு, இவங்களுக்கு 10.5, அதிகமா பிந்துனது அந்த முன்பகுதிதான். அதுக்காக ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிரும்னு யாராவது சொன்னா துட்ட குடுத்திராதிய, ஒரு பிள்ளைக்கு இருக்கா இல்லையான்னு ஸ்கேன்ல சொல்ல முடியாது.

ராத்திரி உக்கார வச்சி புத்தி சொல்லுதது இவனுக்கு ஏறாது. அடுத்தவன் பென்சில பிடுங்கப் போயி கைய இழுத்துக்கிட்டான்னா அந்த நிமிஷமே பேர் சொல்லி, "கைய நிறுத்துன பாத்தியா, சபாஷ்"னு சொல்லுங்க. ஏடிஹெச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாதிய, பசி, எடை, உயரத்த டாக்டர் பாத்துக்கிடட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அடுத்த தடவ அண்ணனையும் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால அவுக கேக்கணும்.