புல் வெட்டும் மெஷின் சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது. காயில்தான் போய்விட்டதா?

பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயிலாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து நானாக இருந்தால் காயில் வாங்க மாட்டேன். அரை மணி நேரம் ஓடுகிறது, நிற்கிறது, கயிறு இழுத்தால் எடுப்பதில்லை, டீ குடித்துவிட்டு வந்தால் எடுத்துவிடுகிறது, கடைக்காரர் காயிலை மாற்றச் சொல்கிறார். இதே குணத்தைக் காட்டுகிற கோளாறுகள் இன்னும் சில உண்டு. பாதிக்கு மேல் காசே செலவில்லாதவை.

சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பு பிரஷ் கட்டர், மதுரைப் பள்ளி மைதானத்துப் புல்வெட்டி, மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் என்று சின்ன இன்ஜின்கள்தான் என் பட்டறைக்கு வருபவை. சித்திரை பிறந்துவிட்டால் "சூடானா நின்னுபோகுதுண்ணே" என்பதுதான் வாரம் முழுக்கக் கேட்கிற பேச்சு.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைப் பாருங்கள். அதில் காற்று போக ஒரு சிறு துளை இருக்கும். புல் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். சற்று நேரம் போனால் காற்று கசிந்து உள்ளே போய் மறுபடி ஓடும். பார்ப்பதற்கு அச்சு அசல் காயில் கோளாறு மாதிரியே இருக்கும். மெஷின் நின்ற உடனே மூடியைத் தளர்த்திக் கயிறு இழுங்கள். எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

நிற்கிற விதத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். பெட்ரோல் வராமல் நிற்பது ஏறி இறங்கி, இழுத்து இழுத்து நிற்கும். கரண்ட் போய் நிற்பது ஸ்விட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். எப்போதும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று காட்டிவிடும். பிளக்குக்கும் அதன் தலையில் மாட்டும் கேப்புக்கும் நடுவில் மாட்டுகிற, பல்பு எரியும் ஸ்பார்க் டெஸ்டர் கிடைத்தால் இன்னும் சுலபம். அதை மாட்டி ஓடவிடுங்கள். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பல்பு அணைந்தால் கரண்ட் பக்கம். சுற்றி ஓய்கிற வரைக்கும் பல்பு மின்னினால் காயிலைத் தொட வேண்டாம்.

டெஸ்டர் இல்லையென்றால், நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எந்தக் காயிலும் நல்ல காயில்தான். கேப்பைக் கழற்றி வேறொரு நல்ல பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடலை இன்ஜின் பாடியில் அழுத்தி வைத்துக் கயிறு இழுங்கள். இன்ஜினில் இருக்கிற பிளக்கைக் கழற்ற வேண்டாம். ஓட்டை திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்தில் தீப்பொறி வேறு. கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டும் இழுக்கக் கூடாது. உயர் மின்னழுத்தம் போக வழியில்லாமல் காயிலின் உள் இன்சுலேஷனையே துளைத்துவிடலாம்.

பொறி வரவில்லையா? இப்போதும் காயில் என்று முடிவு கட்டாதீர்கள். காயிலிலிருந்து ஆஃப் ஸ்விட்சுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகும். இந்த இன்ஜின்களில் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடக்கும்போது பிறப்பதுதான் கரண்ட். அந்த ஒயர் பாடியைத் தொட்டால் பொறி செத்துவிடும், இன்ஜினை அணைப்பதே அப்படித்தான். எலி கடித்தோ, சூட்டில் உருகியோ, அதிர்வில் தேய்ந்தோ ஒயர் பாடியில் உரசினால் காயில் வீணாகப் பழி சுமக்கும். ஒயரைக் காயில் பக்கத்திலேயே கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் ஸ்விட்சும் ஒயரும்தான் குற்றவாளி. சில ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்களில் ஆயில் குறைந்தால் பொறியை நிறுத்துகிற சென்சரும் இதே ஒயரோடு சேர்ந்திருக்கும். அதனால் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள். ஒயரைக் கழற்றியபடியே புல் வெட்டப் போய்விடாதீர்கள், அணைக்க வழியிருக்காது.

ஒயரைக் கழற்றியும், பிளக்கும் கேப்பும் நல்லதாக இருந்தும், சூட்டில் பொறி இல்லை, ஆறினால் வருகிறது என்றால் அது காயில். உள்ளே முடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எங்காவது விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறினால் சேர்ந்துகொள்ளும். மல்டிமீட்டர் வைத்தும் பார்க்கலாம். உதாரணமாக ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜினுக்கு, காயிலின் முதல் கம்பிச்சுருள் (பிரைமரி) 0.8 முதல் 1.0 ஓம், இரண்டாவது (செகண்டரி) 5.9 முதல் 7.1 கிலோ ஓம். ஆனால் மீட்டர் சரியாகக் காட்டுவதால் காயில் சரி என்று ஆகாது. இன்ஜின் கம்பெனியான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 1982-லேயே, கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற பாயின்ட் என்ற தொடுமுனையை விட்டு எலெக்ட்ரானிக்குக்கு வந்துவிட்டது. இப்போதைய காயில்களுக்குள் டிரான்சிஸ்டர் இருக்கிறது, அதன் நோய் ஓம் கணக்கில் பிடிபடாது.

சூட்டிலும் பொறி நன்றாக இருந்து இன்ஜின் எடுக்கவில்லை என்றால், ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். அது இறுகியிருந்தால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். கயிறு லேசாக வருவதிலேயே தெரியும். பிளேடு கல்லில் அடித்த பிறகு தொடங்கிய தொல்லை என்றால் ஃப்ளைவீலைத் தண்டில் நகராமல் பிடித்திருக்கும் சாவி என்ற சின்ன உலோகத் துண்டு வெட்டுப்பட்டிருக்கும், அது தனிக் கதை.

காயில் மாற்றும்போது மேல் கவரைக் கழற்றுவீர்கள். சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவே காய்ந்த புல்லும் குளவிக் கூடும் அடைத்திருந்தால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். காற்று போகாமல் வெந்துதான் பழைய காயில் செத்திருக்கும். புதியதும் அங்கேதான் உட்காரப் போகிறது. காந்தத்தில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஜிஎக்ஸ்160-க்குக் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துத்தான் முடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகுகிறவர்களும் உண்டு, இடைவெளி கூடிப்போய்ப் பொறி மெலிந்துவிடும். போல்ட் முடுக்கியதும் ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய காயிலைக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷ் கட்டர் காயில்களில் போல்ட் துளைகளின் தூரம் மாடலுக்கு மாடல் மாறும், பெயர் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்கும்.