‘ப்ரோபாட்’: எந்தப் பாட்டில் தொடங்குவது?

ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் குழு பிடிக்கும் என்பதால் அதன் தலைவர் டேவ் குரோலின் ‘ப்ரோபாட்’ ஆல்பத்தைக் கேட்டதாகவும், பாட்டுக்குப் பாட்டு வேறொரு குழு போல ஒலிப்பதால் தலை சுற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் ஒலிக்க வேண்டும், நண்பரே! 2004இல் வெளிவந்த இதில் பெரும்பாலான வாத்தியங்களை வாசித்தவர் குரோல். முன்னின்று பாடியவர்களோ அவர் இளவயதில் கொண்டாடிய மெட்டல் (அதிரடியான, கனத்த ராக் இசை) பாடகர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் குழுவின் பாணியிலேயே இசையமைத்திருக்கிறார். குரோலின் குரலைத் தேடினால் ஏமாற்றம்தான்.

வரிசையாகக் கேட்க வேண்டாம். மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி பாடும் ‘ஷேக் யுவர் பிளட்’டில் தொடங்குங்கள், அசல் மோட்டார்ஹெட் வேகம். அடுத்து, டிரபிள் குழுவின் எரிக் வாக்னர் பாடிய ‘மை டார்ச்சர்ட் சோல்’. இதில் பாடும் இன்னொருவரான கிங் டயமண்டின் கீச்சுக்குரல் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவசரமில்லை. ஒரு பாட்டு பிடித்துவிட்டால், அந்தப் பாடகரின் சொந்தக் குழுவுக்கு உடனே தாவிவிடுங்கள். வெனம், வாய்வாட், செல்டிக் ஃப்ராஸ்ட் ஆகிய குழுக்கள் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன.