சேஸா, சூவெலா?

வணக்கம் ஐயா,

அமெரிக்கக் கால்பந்து அணியான சின்சினாட்டி பெங்கால்ஸ் 2021இல் சேஸை எடுத்தது சரியான முடிவு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2020 நவம்பரில், ஆடவந்த முதல் ஆண்டிலேயே அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பரோவின் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் அடுத்த டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு கையில் இருந்தும், அவருக்குக் காவல் நிற்க பெனை சூவெலை எடுக்காமல் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவரான ஜமார் சேஸை எடுத்தார்கள். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் கடைசி வாய்ப்பில் எதிரணியின் ஆரன் டொனால்ட் பரோவைப் பிடித்துச் சுழற்றினார், கோப்பை போயிற்று. கூரை ஒழுகும் வீட்டில் திண்ணைக்கு வண்ணம் அடித்த கதை இது.

கே.

அன்புள்ள கே.,

பரோ மீது உங்களுக்குள்ள கவலை எனக்கும் உண்டு. 2021 வழக்கமான பருவத்தில் 51 முறை அவரைப் பந்தோடு வீழ்த்தினார்கள். அதன்பின் வரும் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃபில் இன்னும் 19. அதில் 9 டென்னசிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். அதை வென்றபோதுகூட என்னால் மகிழ முடியவில்லை.

ஆனாலும் சேஸை எடுத்தது சரி என்றே சொல்வேன். ரிசீவரை நீங்கள் திண்ணை வண்ணமாகப் பார்க்கிறீர்கள். இளம் குவாட்டர்பேக் தொழில் பழகுவதே ரிசீவரோடுதான். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே, அவர் வந்துசேரப்போகும் இடத்தை நோக்கிப் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். வருவார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் குவாட்டர்பேக் அரை நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்பார், அந்த அரை நொடியில்தான் அடி விழும். போகப்போக, தூரத்தைப் பார்க்க வேண்டிய கண் பாய்ந்து வருகிறவர்களையே பார்க்கப் பழகிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல காவல் வரிசை (லைன்) அமைத்துக் கொடுத்தாலும் அந்தக் கண்ணைத் திருப்புவது பெரும்பாடு.

பஃபலோ அணியின் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனின் பாஸ்கள் முதல் ஆண்டில் 52.8 சதவீதமும் அடுத்த ஆண்டில் 58.8 சதவீதமும்தான் கைசேர்ந்தன. 2020இல் மினசோட்டாவிலிருந்து ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார், 69.2. ஆலனின் உழைப்பும் பயிற்சியாளர்களும் அதில் உண்டு, மறுக்கவில்லை. டிக்ஸுக்காகக் கொடுத்த முதல் சுற்றுத் தேர்வில் மினசோட்டா ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற ரிசீவரை எடுத்துக்கொண்டது. அப்படியும் பஃபலோவை நான் குறை சொல்லமாட்டேன். ஆலனுக்கு அன்று வேண்டியிருந்தவர் ஏற்கெனவே தொழில் தெரிந்த ஒருவர்.

எந்த ரிசீவர் வந்தாலும் போதும் என்று இதற்குப் பொருளில்லை. சிகாகோ 2022 பருவத்தின் நடுவில் தன் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸுக்குத் துணையாக, இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து கிளேபூல் என்ற ரிசீவரை வாங்கியது. நல்ல உயரம், நல்ல வேகம். அந்தப் பருவத்தில் ஏழு ஆட்டங்களில் 14 பந்துகளே பிடித்தார். ஒருவர் ஓட்டத்தை மற்றவர் படிக்க அவகாசமே இருக்கவில்லை.

பரோவும் சேஸும் அந்தப் பாடத்தை 2019இல் லூசியானா ஸ்டேட் கல்லூரி அணியிலேயே முடித்தவர்கள். அணி ஆடியது 15 ஆட்டங்கள், பதினைந்திலும் வெற்றி. 2021இல் அத்தனை அடிக்கு நடுவிலும் பரோவின் பாஸ்களில் 70.4 சதவீதம் கைசேர்ந்தன, லீக்கிலேயே அதுதான் அதிகம். சேஸ் பந்து பிடித்துச் சேர்த்தது 1,455 யார்டு.

சூவெல் அருமையான டேக்கிள், காவல் வரிசையின் ஓரத்தில் நிற்பவர். அந்தக் கடைசி வாய்ப்பில் டொனால்ட் உள்ளே நுழைந்தது வரிசையின் உட்புறத்தில், கார்டு நிற்கும் இடத்தில். என் கோபம் அங்கேதான். அலெக்ஸ் காப்பா, டெட் காரஸ் போன்ற உள்வரிசைக் காவலர்களை 2022 மார்ச்சில் அழைத்துவந்தார்கள். ஓராண்டு முன்பே அந்தப் பணத்தைச் செலவழித்திருக்க வேண்டும். பரோ சுழன்று விழுந்த நொடியில், மறுமுனையில் சேஸ் எதிரணியின் ஜேலன் ராம்சியைத் தாண்டித் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.