சர்க்கரைக்குத் தடை போட்ட ஊர்: கேள்வி பதில்

'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் 2002 ஜனவரியில் வந்த 'ஸ்வீட்ஸ் அண்ட் சோர் மார்ஜ்' அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் பார்க்கலை. கதை என்ன?

பதில்: ஊரே சேர்ந்து ஏதாவது உலக சாதனை செய்யலாம் என்று ஹோமர் கிளப்பிவிடுகிறான். ஒருவர் மேல் ஒருவராக ஏறி நின்றவர்கள் சரிந்து, ஒரே உருண்டையாக உருண்டு லாரி எடைமேடையில் போய் விழ, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 'உலகிலேயே குண்டான ஊர்' பட்டம்! ஊர் கொண்டாடுகிறது, ஹோமரின் மனைவி மார்ஜுக்கு மட்டும் சுருக்கென்று தைக்கிறது. எந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலும் சர்க்கரை. சர்க்கரை கம்பெனி மேல் கேஸ் போட்டு ஜெயிக்கிறாள். நீதிபதியோ ஊரில் சர்க்கரையையே தடை செய்துவிடுகிறார். அப்புறம் கடத்தல்தான். மார்ஜின் புருஷனே அதில் கூட்டாளி.

கேள்வி: சர்க்கரை கம்பெனி மேல் கேஸா? ரொம்ப ஓவர் சார்.

பதில்: அதே 2002இல் நியூயார்க்கில், பிள்ளைகள் உடம்பு பெருத்ததற்கு மெக்டொனால்ட்ஸ் காரணம் என்று நிஜமாகவே கேஸ் வந்தது. மறு வருடம் தள்ளுபடி. 1998இல் 46 மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகளைப் பணம் கட்ட வைத்திருந்தன. அந்தச் சிகரெட் கேஸ் சூடு ஆறாத காலத்தில் வந்த கதை இது.

கேள்வி: பிடித்த காட்சி?

பதில்: பிடிபட்ட மிட்டாயை எல்லாம் போலீஸ் குவித்து எரிப்பார்கள். பட்டர்ஃபிங்கர் மட்டும் பற்றாது. நெருப்புக்கே இது வேண்டாமாம்! ஹோமர், மார்ஜின் பையன் பார்ட் பல வருடம் விளம்பரத்தில் வந்து விற்ற சாக்லேட் அது.

கேள்வி: நிஜ அரசாங்கம் இப்படிக் கை வைத்ததுண்டா?

பதில்: நியூயார்க் மேயர் புளூம்பெர்க் வைத்தார். 2012இல் வந்த விதி இது: உணவகம், தியேட்டர், தள்ளுவண்டி எங்கேயும் 16 அவுன்ஸுக்கு, அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு, மேற்பட்ட கோப்பையில் இனிப்புச் சோடா விற்கக் கூடாது. ஓட்டை எங்கே தெரியுமா? செவன் இலெவன் மாதிரிக் கடைகள் நகராட்சியின் கீழ் வரவில்லை. அங்கே போய் இதைவிடப் பெரிய கோப்பையை நிரப்பிக்கொண்டு வரலாம். பாதிக்கு மேல் பால் இருக்கிற பானத்துக்கும் விலக்கு, மில்க்‌ஷேக்கில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் சரி. இரண்டு சின்னக் கோப்பை வாங்கினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். 2013 மார்ச்சில், அமலுக்கு வருவதற்கு முந்தின நாள், நீதிபதி விதியை ரத்து செய்தார். 2014இல் மேல்முறையீடும் தோற்றது. கார்ட்டூன்காரர்கள் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சரியாக அமைந்திருக்காது.

கேள்வி: அப்போ வரி போட்டால்?

பதில்: போடுகிற இடத்தைப் பொறுத்தது. பிரிட்டன் 2018இல் குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரையிலிருந்து வரி என்று கோடு போட்டது. பல கம்பெனிகள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு கோட்டுக்குக் கீழே வந்துவிட்டன. டென்மார்க் 2011இல் கொழுப்புக்கு வரி போட்டது. ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனியில் வெண்ணெய் வாங்கினார்கள். 2013 பிறந்ததும் வரி காலி.

கேள்வி: கடைசியில் மார்ஜ் தோற்றதாகத்தானே காட்டுகிறார்கள்?

பதில்: தடை தோற்கிறது. ஹோமர் கடத்திய சர்க்கரையைத் துறைமுகத் தண்ணீரில் கொட்ட, ஊரே அதில் குதித்துக் குடிக்கிறது, நீதிபதியும் தடையை நீக்கிவிடுகிறார். ஆனால் மார்ஜ் பாக்கெட்டில் படித்ததை யாரும் பொய் என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா?