கோழியும் தானியமும் ஒரே கிண்ணத்தில்: இரவுச் சாப்பாட்டுக் கேள்வி பதில்

நாகர்கோவில்: அக்கா, தினைச் சோறு குக்கரில் களி மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீரைக் குறைக்கணுமா?

குக்கரையே விட்டுவிடுங்கள். தினை சின்னத் தானியம், அந்த அழுத்தத்தில் மாவு கரைந்து ஒட்டிக்கொள்ளும். 1 கப் தினையைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடியுங்கள். அடிகனமான பாத்திரத்தில் 1 தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, மேல்ஈரம் போகும்வரை 3 நிமிடம் வறுங்கள். ஒன்றேமுக்கால் கப் கொதிதண்ணீரும் உப்பும் சேர்த்து மூடி, சிறுதீயில் 12 நிமிடம். அணைத்த பிறகு 10 நிமிடம் மூடி திறக்கவே கூடாது. பின்பு முள்கரண்டியால் உதிர்த்து அகலத் தட்டில் பரப்புங்கள். பாத்திரத்திலேயே கிடந்தால் தன் ஆவியிலேயே குழையும். மூன்று, நான்கு பேருக்குக் காணும்.

தக்கலை: நெஞ்சுக்கறி ரப்பர் மாதிரி இழுக்கிறது. தொடைக்கறிதான் வாங்கணுமா?

தொடையில் கொழுப்பு உண்டு, இரண்டு நிமிடம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். நெஞ்சுக்கறி பொறுக்காது. அதன் ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. தடித்த பக்கம் வேகும்வரை காத்திருந்தால் மெலிந்த பக்கம் வறண்டுபோகும். அதனால் குறுக்காகப் பிளந்து ஒன்றரை செ.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு கரைத்து, 30 நிமிடம் போட்டுவையுங்கள். எடுத்துத் துணியால் ஈரம் ஒற்றுங்கள். ஈரத்தோடு கல்லில் போட்டால் சிவக்காது, அவிந்துதான் போகும். நல்லமிளகு, மஞ்சள், தட்டிய பூண்டு தடவுங்கள். இனி உப்பு வேண்டாம். கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு பக்கம் 4 நிமிடம், திருப்பி மிதமான தீயில் 3 அல்லது 4 நிமிடம். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டணும். 5 நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். நாரோடு சேர்த்து வெட்டினால் எவ்வளவு பக்குவமாக வெந்தாலும் இழுக்கத்தான் செய்யும்.

எலுமிச்சைச் சாறில் ராத்திரி முழுக்க ஊறப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேல்சதை மாவுபோல ஆகிவிடும். சாறு கடைசியில் பிழிந்தால் போதும்.

மார்த்தாண்டம்: தேன் தடவிச் சுட்டால் கரிகிறதே?

நம்ம ஊர்த் தேன் என்றாலும் சர்க்கரைதானே, கறி வேகும் முன்னே கரிந்துவிடும். இறக்கும்போது 1 தேக்கரண்டி தடவுங்கள்.

குலசேகரம்: நாட்டுக்கோழி ஆகுமா?

கல்லில் சுட ஆகாது. குக்கரில் வேகவைத்துப் பிய்த்துப் போடுங்கள். அந்தச் சாறில் கொஞ்சத்தைத் தினை வேகும் தண்ணீரோடு சேர்க்கலாம்.

கருங்கல்: அப்பாவுக்குச் சுகர். சிவப்பரிசிச் சோறு வைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. சிவப்பரிசியானாலும் தினையானாலும் மாவுச்சத்துதான், அளவுதான் காரியம். வெந்த சோறு முக்கால் கப், கோழி 100 கிராம், மீதிக் கிண்ணம் முழுக்கக் காய்கறி என்று வையுங்கள். பச்சைக் காய்கறி இறங்காதவர்களுக்குப் பயறும் முட்டைக்கோசும் துவரன் (தேங்காய் துருவிப் போட்ட பொரியல்) வைத்துக் கொடுங்கள். தேங்காய்ப்பூ 2 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அவருக்கான சரியான அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளச்சல்: ஞாயிறே சமைத்து வைத்தால் புதன்வரை ஓடுமா அக்கா?

கோழி ஓடும், 3 நாள். தானியத்துக்கு 2 நாளுக்கு மேல் நான் சொல்லமாட்டேன். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், கறிச்சாறு இறங்கிச் சோறு நசநசக்கும். வெந்த தானியத்தை வெளியில் மணிக்கணக்கில் வைத்தால் அதில் வளரும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணிநேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். சூடாக்கும்போது 1 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்கச் சூடாக்கணும். துவரனை மட்டும் அன்றன்றைக்கு வையுங்கள், தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும்.